நிறக்கோல்களை எண்ணிய ஜானகி அம்மாள்

நெய்யாற்றின்கரை, பாறசாலைச் சந்தைகளில் செந்துளுவன் குலைக்கு எப்போதும் தனி மவுசு உண்டு. மலையாளத்தில் கப்பப்பழம் என்று சொல்லப்படும் அதே செவ்வாழைதான். கோட்டுகால் போன்ற ஊர்களில் வாழை வைத்துப் பழகியவர்கள் ஒரு விசித்திரத்தை அறிந்திருப்பார்கள். தாய் வாழை செக்கச் செவேலென்று இருக்கும். அதன் பக்கக் கன்று ஒன்று மட்டும் என்றோ ஒரு நாள் பச்சைக் குலை தள்ளும். உரம் மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை. கன்றை மாற்றி நட்டுவிட்டோமோ என்று வைத்தவர் சந்தேகப்படுவார். அவர் மீது பிழை இல்லை. மாற்றம் கன்றின் உயிரணுவுக்குள் நடந்திருக்கிறது. இதைத்தான் விஞ்ஞானிகள் திடீர் மாற்றம் என்கிறார்கள். மியூட்டேஷன் என்பதும் இதுவே.

இத்தகைய மாற்றங்களைத் தேடுவதிலேயே ஆயுளைச் செலவிட்ட ஒரு பெண்மணி, கோட்டுகாலிலிருந்து ஒரு பஸ் பயணத்தில் எட்டிவிடக்கூடிய திருவனந்தபுரத்தில் இரண்டு ஆண்டுகள் கல்லூரிப் பேராசிரியையாக இருந்தார். கேரளம் அவரைத் தன் மகள் என்கிறது. ஆனால் அவர் பட்டம் பெற்றது சென்னையில். கரும்பை ஆராய்ந்தது கோவையில். கண் மூடியது மதுரவாயலில். டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள்தான் அவர்.

பிறப்பும் படிப்பும்

ஜானகி அம்மாள் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். அப்போது மலபார், சென்னை மாகாணத்தில் ஒரு ஜில்லா. தந்தை திவான் பகதூர் இ. கே. கிருஷ்ணன் சப்-ஜட்ஜாக இருந்தவர். கோர்ட்டு வேலை போக மிச்ச நேரத்தில் பறவைகளையும் செடி கொடிகளையும் கவனித்துக் குறித்து வைப்பார். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம் அது. தாயார் தேவி, திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹானிங்டன் துரைக்கும் ஒரு தீயர் குலப் பெண்ணுக்கும் பிறந்தவர். ஆகவே ஜானகி அம்மாளின் பிறப்பைப் பற்றி ஊர் வாய் என்னென்ன பேசியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

உடன்பிறந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகிப் போக, இவர் மட்டும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார். தலைச்சேரிக் கான்வென்ட் படிப்பு முடிந்ததும் சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியில் சேர்ந்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் தாவர இயல் ஆனர்ஸ் பட்டத்தை 1921-இல் பெற்றார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை வேலை கிடைத்தது. அத்துடன் பலர் நின்றுவிடுவார்கள். இவருக்கு அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பார்பர் உபகாரச் சம்பளம் வந்தது; 1924-இல் கப்பல் ஏறிவிட்டார். இடையில் சென்னை திரும்பிச் சிறிது காலம் கற்பித்துவிட்டு, மீண்டும் போய் 1931-இல் டி.எஸ்சி. பட்டத்துடன் வந்தார். தாவர இயலில் அத்தனை உயர்ந்த பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் அவரும் ஒருவர்.

அவர் கற்று வந்த வித்தை, உயிரணுவின் நிறக்கோல்களை எண்ணுவது. குரோமோசோம் என்பதைத்தான் தமிழில் நிறக்கோல் என்கிறோம். சாயம் ஏற்றினால் மைக்ராஸ்கோப்பில் சிறு கோல்களைப் போலத் தெரிவதால் அந்தப் பெயர். வேர் நுனியை அரிந்து, பக்குவப்படுத்தி, சாயமிட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்து மணிக்கணக்கில் குனிந்து பார்க்க வேண்டும். கண்ணுக்கும் கழுத்துக்கும் கடும் வேலை. ஒன்று கூடவோ குறையவோ எண்ணிவிட்டால் ஆராய்ச்சி முழுவதும் வீண்.

நகல் எடுப்பவர் செய்யும் தவறுகள்

அந்த நிறக்கோல்களில் அப்படி என்ன இருக்கிறது? அவர் எண்ணத் தொடங்கிய நாளில் அது யாருக்கும் சரியாகத் தெரியாது. பரம்பரைச் செய்தியைத் தாங்குவது டி.என்.ஏ. என்ற பொருள் என்பதற்கு உறுதியான சான்று 1944-இல்தான் வந்தது. அந்தப் பொருள் முறுக்கிய ஏணி போன்றது என்று வாட்சனும் கிரிக்கும் கண்டது 1953-இல். ஒவ்வொரு நிறக்கோலும் டி.என்.ஏ. இழையைச் சுற்றி வைத்த ஒரு கண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பாலராமபுரத்தில் தறி ஓட்டுகிறவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம்.

அந்த இழை நெடுக நான்கே எழுத்துக்களில் செய்தி எழுதப்பட்டிருக்கிறது. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு மூன்றும் ஒரு சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் புரதத்தில் ஒரு மணி. மொத்தம் 64 சொற்கள். அவற்றில் 61-க்குப் பொருள் உண்டு. மற்ற மூன்றும் முற்றுப்புள்ளிகள். இந்த அகராதியைக் கண்டுபிடித்ததில் நம் நாட்டில் பிறந்த ஹர்கோவிந்த் கொரானாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்காக 1968-இல் நோபல் பரிசை அவர் மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

உயிரணு ஒன்று இரண்டாகும்போது இந்தச் செய்தி முழுவதும் நகல் எடுக்கப்படுகிறது. ஆபீசில் நகல் எடுக்கிற குமாஸ்தா எத்தனை கவனமாக இருந்தாலும் எங்கோ ஓர் எழுத்து தவறிவிடுகிறது அல்லவா? அதுவேதான் இங்கும்.

மரம் பழம் தரும் என்பது மூலம் என்று கொள்வோம். ஒவ்வொரு சொல்லிலும் மூன்று எழுத்து. ஒரே ஓர் எழுத்து மாறி, மரம் பணம் தரும் என்று ஆகிவிட்டால் வாக்கியம் படிக்கக்கூடியதாகத்தான் இருக்கிறது. பொருள்தான் வேறு. சில வேளை எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. ஒரே மணிக்குப் பல சொற்கள் இருப்பதால் இப்படி நேரும். அத்தகைய மாற்றம் நடந்ததே வெளியில் தெரியாது. இன்னும் சில வேளை, மாறிய எழுத்து பழம் என்ற இடத்தில் முற்றுப்புள்ளியைக் கொண்டுவந்து வைத்துவிடும். மரம் என்பதோடு செய்தி நின்றுபோகும். புரதம் அரைகுறையாகிவிடும்.

இவற்றைக் காட்டிலும் பொல்லாதது எழுத்து விட்டுப்போவது. மரம் என்பதில் ரகரத்தை விட்டுவிட்டு, பழையபடி மூன்று மூன்றாகப் படித்துப் பாருங்கள்: மம்ப, ழம்த, ரும் என்று வரும். விட்டது ஒன்றுதான், அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் குளறுபடி. ஓர் எழுத்து கூடுதலாகப் புகுந்தாலும் கதி இதுவே. வேடிக்கை என்னவென்றால், மூன்று எழுத்தும் சேர்ந்தாற்போல் விட்டுப்போனால் சேதம் குறைவு. மரம் தரும் என்று ஒரு சொல் குறைந்து, மற்றது பிழைத்துக்கொள்ளும்.

ஓர் எழுத்து மாறுவதால் என்ன வந்துவிடும் என்று நினைப்பவர்கள் வயநாட்டுக்கும் அட்டப்பாடிக்கும் போய்ப் பார்க்கலாம். அங்குள்ள பழங்குடி மக்களில் சிலருக்கு அரிவாள் செல் ரத்தச் சோகை உண்டு. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் போல் வளைந்து, ரத்தக் குழாயில் அடைத்துக்கொண்டு தாங்க முடியாத வலி தரும். நீலகிரிப் பழங்குடியினரிடையே இது இருப்பது 1952-இல் கண்டறியப்பட்டது. ஹீமோகுளோபின் செய்தியில் ஒரே ஓர் எழுத்து மாறியதுதான் காரணம். ஆனால் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த எழுத்தைப் பெற்ற குழந்தைகள் கடுமையான மலேரியாவைத் தாக்குப் பிடிக்கிறார்கள். மலேரியாக் காடுகளில் இந்த மாற்றம் அழியாமல் நின்றதற்கு அதுவே காரணம். நல்லது, கெட்டது என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல முடிவதில்லை.

பக்கமும் புத்தகமும்

இதுவரை சொன்னவை எழுத்துப் பிழைகள். ஜானகி அம்மாளின் மைக்ராஸ்கோப்பில் இவை தெரியா. அவர் கண்டவை இன்னும் பெரியவை: பக்கம் கிழிந்துபோவது, ஒரே பக்கம் இருமுறை சேர்ந்துவிடுவது, தலைகீழாகத் தைக்கப்படுவது, ஒரு கட்டின் தாள் வேறு கட்டில் போய் ஒட்டிக்கொள்வது. இவை நிறக்கோலின் உருவில் நேரும் மாற்றங்கள். இவற்றுக்கும் மேலே எண்ணிக்கையில் நேரும் மாற்றங்கள் உண்டு. ஒரு நிறக்கோல் கூடலாம், குறையலாம். மனிதரில் 21-ஆவது நிறக்கோல் ஒன்று கூடுதலாக இருப்பதே டௌன் நிலைக்குக் காரணம் என்று 1959-இல் தெரியவந்தது. சில வேளை புத்தகம் முழுவதுமே இரண்டு, மூன்று, நான்கு பிரதிகளாகிவிடும்.

மனிதருக்கு இது ஆகாது. செடிகளோ பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்; கொழுத்து வளர்வதும் உண்டு. சந்தையில் விற்கும் ஏத்தன் குலையே அத்தாட்சி. காட்டு வாழைக்கு 11 நிறக்கோல்கள் கொண்ட தொகுதிகள் இரண்டு. பழம் முழுவதும் கல் போன்ற விதை. ஏத்தனுக்கு அத்தகைய தொகுதிகள் மூன்று, ஆக 33. மூன்றைச் சமமாக இரண்டு பங்கு போட முடியாததால் விதை பிடிப்பதில்லை. செந்துளுவனும் இப்படியே. விதை இல்லாத வாழைப்பழத்தை உரித்துத் தின்கிற ஒவ்வொருவரும் ஒரு திடீர் மாற்றத்தின் பலனைத்தான் அனுபவிக்கிறார்கள்.

திருவனந்தபுரத்திலும் கோவையிலும்

ஜானகி அம்மாள் 1932-இல் திருவனந்தபுரம் மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் தாவர இயல் பேராசிரியையாகச் சேர்ந்தார். இன்று யூனிவர்சிட்டி கல்லூரி என்று பெயர். அந்த நாளைய திருவிதாங்கூரை நினைத்துப் பார்க்க வேண்டும். கோட்டுகாலுக்கு அருகே வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, பொது வழியில் வில்வண்டி ஓட்டிப் போனதே ஒரு போராட்டம். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் அருவிப்புறத்தில் ஸ்ரீ நாராயண குரு 1888-இல் சிவப் பிரதிஷ்டை செய்தது நாட்டையே உலுக்கியது. இத்தனைக்குப் பிறகும் கோவில் கதவுகள் திறந்தது 1936 நவம்பர் 12-இல்தான். ஆக, மிச்சிகனில் டாக்டர் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள் கல்லூரியில் பாடம் சொல்லலாம். அரசாங்கக் கோவிலுக்குள் கால் வைக்க முடியாது. கத்தரிச் செடியில் நிறக்கோல் தொகுதிகள் பெருகுவதைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை 1934-இல் வெளிவந்தது.

அதே ஆண்டில் அவர் கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். இந்தியக் கரும்பை இனிக்கவைத்தவரே ஜானகி அம்மாள் என்று பலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. அந்த நிலையம் தொடங்கியது 1912-இல். பார்பர் துரையும் டி. எஸ். வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்புக்கும் நாணலுக்கும் கலப்புச் செய்து, கோ. 205 என்ற ரகத்தை இவர் வருவதற்கு முன்பே வயலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இவர் செய்தது வேறு. அந்தக் கலப்பில் உள்ளே என்ன நடந்தது என்பதை எண்ணிக் காட்டினார்.

கெட்டிக் கரும்புக்கு நிறக்கோல் 80. கோவை நாணலுக்கு 64. பாதிக்குப் பாதி சேர்ந்தால் 72 வர வேண்டும். கரும்போ தன் பங்கு முழுவதையும், அதாவது 80-ஐயும் கொடுத்துவிட்டு, நாணலின் பாதியான 32-ஐச் சேர்த்துக்கொள்கிறது, ஆக 112. இந்த வினோதத்தை ஜாவாவில் டச்சுக்காரர்கள் முன்னரே கண்டிருந்தார்கள். ஜானகி அம்மாள் நாடெங்கும் உள்ள நாணல் வகைகளைத் திரட்டி, அவற்றின் நிறக்கோல்கள் ஊருக்கு ஊர் எவ்வாறு பெருகியிருக்கின்றன என்று ஆராய்ந்தார். நாணலின் தாயகம் இந்தியாவே என்ற முடிவுக்கு அவருடைய ஆராய்ச்சி துணை நின்றது. கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பெற்ற செடியைப் பற்றி 1938-இல் நேச்சர் என்ற லண்டன் பத்திரிகையில் எழுதினார். கரும்பு, மூங்கில் கலப்பின் நிறக்கோல்களையும் எண்ணினார். வயலுக்கு உடனே பயன்பட்டனவா என்றால், இல்லை. எத்தனை தூரத்து உறவையும் ஒரே உயிரணுவில் கூட்டிவைக்க முடியும் என்பதை அவை காட்டின.

கலியாணம் செய்துகொள்ளாத பெண், பிற்பட்ட சாதி, மேல்நாட்டுப் பட்டம். இந்த மூன்றும் ஒருவரிடமே இருந்தால் அந்தக் காலத்து அலுவலகத்தில் நிம்மதி ஏது? சக ஊழியர்களுடன் மனத்தாங்கல் வளர்ந்தது. 1935-லேயே இந்திய விஞ்ஞான அகாடமி அவரை உறுப்பினராக ஏற்றிருந்தும், கோவையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை.

குண்டு மழைக்கு நடுவே

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குப் போனார். மாநாடு முடியும் தறுவாயில் போர் மூண்டுவிட்டது, இங்கிலாந்திலேயே தங்கினார். ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் 1940-இல் வேலை கிடைத்தது. அங்கே டார்லிங்டன் என்ற பெரிய விஞ்ஞானியின் தோழமை வாய்த்தது. ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட இரவுகளில் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, விடிந்ததும் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிவிட்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார் என்று பிற்காலத்தில் உறவினர்கள் சொல்வதுண்டு. ஊரிலிருந்து ஓர் அணில் குஞ்சைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டு போய் அந்த நிலையத்தில் வளர்த்தார் என்பதும் அவர்கள் சொல்லும் கதைதான்.

போர் முடிந்த 1945-இல் இரண்டு காரியங்கள் நிறைவேறின. ஒன்று, பயிர்ச் செடிகளின் நிறக்கோல் எண்ணிக்கைகளைத் தொகுத்து டார்லிங்டனும் ஜானகி அம்மாளும் சேர்ந்து வெளியிட்ட பெரு நூல். செடி வளர்ப்பு ஆராய்ச்சியாளர்களுக்கு அது பஞ்சாங்கம் போலாயிற்று.

மற்றொன்று சிறிய கட்டுரை, ஆனால் இனிமையானது. தக்காளிக் குடும்பத்தைச் சேர்ந்த நிக்காண்ட்ரா என்ற நீலப் பூச்செடியை அவர் மிச்சிகனிலேயே ஆராய்ந்திருந்தார். அதற்கு நிறக்கோல் 20. அவற்றில் ஒரு ஜோடி விசித்திரமானது: ஒரு பாதியை இழந்து, மறு பாதியே இருபுறமும் அமைந்தது. அந்த ஜோடியில் ஒன்று தவறிப்போய் 19 மட்டுமே உள்ள விதைகள் சில உண்டாகும். குறைப்பட்ட விதைதானே என்று தள்ளிவிடலாம். அவை சாகவில்லை, மண்ணுக்குள் காத்துக் கிடந்து தாமதமாக முளைக்கின்றன என்று இருவரும் கண்டார்கள். முந்தி முளைத்தவை கருகிப்போகும் ஆண்டில் குலத்தைக் காப்பாற்றுவது பிந்தி முளைத்தவையே.

அந்த ஆண்டிலேயே அவர் விஸ்லியில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்துக்கு மாறினார். அங்கே கால்ச்சிசின் என்ற நஞ்சைக் கொண்டு நிறக்கோல்களை இரட்டிப்பாக்கினார். நம் நாட்டுச் செங்காந்தளில், அதாவது கண்வலிக் கிழங்கில், மலையாளத்தார் மேந்தோன்னி என்பதில் இருக்கும் நஞ்சும் இதுவே. உயிரணு இரண்டாகப் பிரியும் தறுவாயில் இது தடுத்துவிடும். இரட்டித்த நிறக்கோல்கள் பிரியாமல் ஒரே அறையில் தங்கிவிடும். மாக்னோலியா நாற்றுகளில் இதைத் தடவி அவர் வளர்த்த மரவகை ஒன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னாளில் கொடைக்கானல் ரோஜா வல்லுநர்கள் தாங்கள் உருவாக்கிய ஒரு மஞ்சள் ரோஜாவுக்கும் அவர் பெயரை வைத்தார்கள்.

மதுரவாயல்

பிரதமர் நேருவின் அழைப்பின் பேரில் 1951-இல் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு தரப்பட்டது. அவர் எண்ணியபடி எல்லாம் நடந்துவிடவில்லை. அலகாபாத், ஜம்மு, டிராம்பே என்று ஊர் ஊராக வேலை. 1955-இல் பிரின்ஸ்டனில் உலக அறிஞர்கள் கூடிய சுற்றுச்சூழல் மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண்மணி அவர்தான். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1956-இல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. இந்திய அரசின் பத்மஸ்ரீ 1977-இல் வந்தது.

1970-இல் சென்னைக்கு வந்து, பல்கலைக்கழகத்தின் தாவர இயல் உயராய்வு மையத்தில் சேர்ந்தார். மதுரவாயலில் இருந்த அதன் வயல் ஆய்வுக்கூடமே வீடாயிற்று. மஞ்சள் புடவை, எளிய சாப்பாடு, சுற்றிலும் பூனைகள், மூலிகைப் பாத்திகள். ஓய்வு என்ற பேச்சே இல்லை.

பாலக்காடு ஜில்லாவின் சைலண்ட் வேலியில் குந்திப்புழையைத் தடுத்து மின்சாரத் திட்டம் வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது அவருக்கு வயது எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. காட்டைக் காக்கக் குரல் கொடுத்தவர்களோடு சேர்ந்துகொண்டார். அந்தக் காட்டு மரங்களின் நிறக்கோல்களை எல்லாம் எண்ணிப் பதிவு செய்துவிட வேண்டும் என்று கிளம்பினார். இத்தனை தலைமுறைகளாக அங்கே சேர்ந்து கிடக்கும் மாற்றங்கள் தண்ணீரில் முழுகிப்போனால், திரும்ப எழுத யாராலும் முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

மின் திட்டம் 1983-இல் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7-ஆம் தேதி ஜானகி அம்மாள் மதுரவாயலில் காலமானார். வயது 86. அதே ஆண்டு நவம்பரில் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.